வைப்பர் மோட்டாரில் ஓடிய மூச்சு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இந்த வயதிலும் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நிழற்குடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பக்கத்தில் இருப்பவர்கள் எரிச்சல்படுவார்கள். படட்டும். ஆனால் ஒரு காலத்தில் எனக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்ததே சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான். அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் நான் எலெக்ட்ரீஷியன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கரண்ட் போனால் ஜெனரேட்டரை முடுக்க வேண்டும், ஃபேன் நின்றால் ஏணி போட்டு ஏற வேண்டும், மற்ற நேரமெல்லாம் ஸ்விட்ச் ரூமில் ஸ்டூலில் இருக்க வேண்டும். அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்து பார்த்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. வார்டு வார்டாகச் சுற்றுவேன். அப்படிச் சுற்றியதில்தான் பந்து என் கண்ணில் பட்டது.

பந்து என்று நாங்கள் சொன்னது கறுப்பு ரப்பர் பை ஒன்றை. நடுத்தரப் பப்பாளி அளவுக்கு இருக்கும். எங்கள் பக்கம் முழுக்க வயல்காடு. பாம்பு கடிக்கும், பூச்சிமருந்து வயிற்றுக்குள் போகும். இரண்டிலும் ஆள் சாவது பெரும்பாலும் மூச்சு நின்றுதான். நெஞ்சை அசைக்கிற தசைகள் வேலை செய்யாமல் போய்விடும். விஷம் முறியும்வரை வேறு யாராவது அந்த ஆளுக்காக மூச்சு விட வேண்டும். தொண்டைக்குள் குழாயை இறக்கி, குழாயின் முனையில் பந்தை மாட்டி அமுக்குவார்கள். அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். ஒரு நாளோ நான்கு நாளோ, அமுக்குகிற கை நிற்காதவரை ஆள் உயிரோடு கிடப்பார். இதற்கென்று மிஷின் பெரிய ஊர்களில் இருப்பதாகச் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது நோயாளியின் சொந்தக்காரர்கள்தான்.

மயக்கமருந்து கொடுக்கிற டாக்டரம்மா ஒருவர் இருந்தார். குட்டையான அம்மா. பேச்சும் நடையும் வேகம். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். பாம்புக்கடி வந்திருக்கிறது என்றால் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கை இருக்கு?” முறை மாற்றி அமுக்க எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பத்துப் பேர் நின்றால் அவர் முகம் தெளியும். இரண்டு பேர் என்றால் உதட்டைக் கடித்துக்கொள்வார்.

பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஆள் ஒருவர் அப்படித்தான் வந்தார். கூட வந்தது தம்பி மட்டும். நர்ஸுகள் இடையிடையே கை கொடுத்தாலும் பெரும்பாலும் தம்பிதான் அமுக்கினார். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டார். நான் ஏணியோடு உள்ளே போனபோது பந்து அவர் மடியில் கிடந்தது. விரல்கள் மட்டும் தூக்கத்திலும் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன. அண்ணன் போய்விட்டிருந்தார்.

எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். ஏணியைச் சுவரில் சாய்க்கத் தோன்றாமல் தோளிலேயே வைத்துக்கொண்டு ஸ்விட்ச் ரூம்வரை நடந்தேன். ஒரு மோட்டார் செய்கிற வேலை. அதற்கு ஒரு மனுஷனை உட்காரவைத்து, அவன் தூங்கிவிட்டான் என்று ஆயுசு முழுக்க அவன் தலையில் பழியைக் கட்டுவதா? அன்றைக்கே சாக்பீஸை எடுத்து ஸ்விட்ச் ரூம் தரையில் படம் போட ஆரம்பித்தேன். எனக்கு ஐ.டி.ஐ. படிப்புதான். படமும் படம் மாதிரி இருக்காது.

லாரி ஷெட்டில் ஒரு பழைய வைப்பர் மோட்டார் கிடைத்தது. மழையில் முன்கண்ணாடியைத் துடைக்கிற மோட்டார். போய்த் திரும்புகிற ஆட்டம் அதற்கு ஏற்கெனவே தெரியும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நிற்காது. எங்கள் ஊரில் கரண்ட் போவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதன் வேகம் மூச்சுக்கு அதிகம். சைக்கிள் பல்சக்கரம் இரண்டைச் செயினில் கோத்து வேகத்தைக் குறைத்தேன். கதவுக் கீல் போட்ட இரண்டு பலகை, நடுவில் பந்து. மோட்டாரின் கை மேல்பலகையை அமுக்கும், தூக்கும். எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதை ஒரு திருகு நட்டால் கூட்டலாம், குறைக்கலாம். சொல்லும்போது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. செய்யும்போது ஏழெட்டு மாதம் இழுத்தது. செயின் கழன்றது, கீல் உடைந்தது, இரண்டு பந்து கிழிந்தது. கிழிந்த பந்துக்கு ஸ்டோர் கிளார்க் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். டாக்டரம்மாதான் வந்து, “நான்தான் எடுத்துக் குடுத்தேன், என் பேர்ல எழுதிக்குங்க” என்று காப்பாற்றினார்.

மனுஷ நெஞ்சில் வைத்துப் பார்க்க முடியாது. வேறு நுரையீரல் வேண்டும். கடைத்தெருவில் முத்துப்பேட்டைக்காரர் ஒருவர் கறிக்கடை வைத்திருந்தார். தாடி வைத்த பெரிய உருவம். அவரிடம் போய், “பாய், கிழியாம ஒரு நுரையீரல் வேணும், தொண்டைக் குழாயோட” என்றேன்.

“கொழம்புக்கா தம்பி? குழாய் எதுக்கு?”

“கொழம்புக்கு இல்ல பாய். மூச்சு விட வைக்கிறதுக்கு.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார். “நான் இப்பத்தான் அறுத்துட்டு வந்துருக்கேன். நீங்க போயி மூச்சு விட வைக்கிறீங்களா? என் பொழப்புல ஏன் தம்பி மண்ணப் போடுறீங்க?” என்று சிரித்தார். ஆனாலும் வாழையிலையில் பத்திரமாகச் சுற்றிக் கொடுத்தார். அதன்பிறகு நான் தெருவில் போனாலே, “ஆடு எந்திரிச்சிருச்சா?” என்று கடைக்குள்ளிருந்து குரல் வரும்.

ஆட்டு நுரையீரலை மிஷினில் மாட்டி ஓட்டியபோது டாக்டரம்மாவும் நானும் பெஞ்சின் இரண்டு பக்கமும் நின்றோம். சுருங்கிக் கிடந்தது இளஞ்சிவப்பாக உப்பி எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு செயினைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் எழட்டுமே என்று, அமுக்கும் அளவை ஒரு விரற்கடை கூட்டினேன். நாலாவது மூச்சில் ஓரத்தில் கொப்புளம் கட்டி, புஸ்ஸென்று உடைந்தது.

“பாத்தீங்களா?” என்றார் டாக்டரம்மா. “மூச்சு கம்மியாப் போனாலாவது கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கலாம். கூடப் போச்சுன்னா வரப்பு உடைஞ்ச மாதிரி. காத்து வெளிய கசிஞ்சு, நெஞ்சுக்குள்ள நின்னு நுரையீரலையே அமுக்கிடும். அந்த அளவு நட்டு மட்டும் ஸ்பானர் போட்டு இறுக்குற மாதிரி இருக்கணும். யாரும் கையால தொடக்கூடாது.”

சரி என்று அப்படியே வைத்தேன். ஆனால் பரிசோதனைக்கு அளவை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஸ்பானரைத் தேட வேண்டும். ஸ்பானர் என்பது தேடும்போது கிடைக்காத ஜாதி. ஒருநாள் எரிச்சலில் ஸ்பானர் நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் காது வைத்த நட்டைப் போட்டேன். விரலாலேயே திருகலாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை.

இனி ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மாவும் தங்கையும் ஊரில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்துக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேட்டைக்குப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பா இல்லை. எங்கள் தெருவில் காக்கிச் சட்டை போட்டு மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். மெட்ராஸில் சூரியன் போய் இலை வந்திருந்தது. எந்த மேடையிலும் ஏழைக்கு நிலம் என்றுதான் பேசினார்கள். எங்கள் ஊர்ப் பண்ணையில் உச்சவரம்புக்கு மேலே இருந்த நிலமோ, செத்தவர் பேரிலும் மாடு மேய்ப்பவர் பேரிலும் பத்திரமாக இருந்தது. அந்த வருஷம் அதில் ஒரு பகுதியை எங்கள் தெரு ஆட்களே உழுது, நட்டு, சங்கத்துக் கொடியை ஊன்றி அறுக்கவும் அறுத்தார்கள். போலீஸ் வந்து ஆண்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனது. களத்தில் கிடந்த நெல்லுக்குப் பெண்கள் காவல் படுத்தார்கள். வைக்கோலில் படுத்திருந்த என் தங்கையை விடியற்காலையில் கட்டுவிரியன் கடித்தது.

அவளுக்கு அப்போது இருபது வயது நிறையவில்லை. முதலில் வயிறு வலிக்கிறது என்றாளாம். நெல் லாரியில் ஏற்றிக் கொண்டுவரும்போதே கண்ணிமை தொங்கிவிட்டது. நான் பார்த்தபோது எச்சில் விழுங்க முடியாமல், மூக்கால் “அண்ணே” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. ஊசிமருந்து ஏற்றியும் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு மேலோட்டமாகிப் போயிற்று. டாக்டரம்மா குழாயை இறக்கினார். பந்தை மாட்டினார். திரும்பி, பழக்கத்தில், “எத்தனை கை இருக்கு?” என்றார்.

“நானும் அம்மாவும்தான்” என்றேன்.

வேறு சமயமாக இருந்தால் எங்கள் தெருவே வந்து நின்றிருக்கும். ஆண்கள் ஜெயிலில். பெண்கள் களத்தை விட்டு நகர்ந்தால் நெல் பண்ணை வீட்டுக்குப் போய்விடும். அம்மாவே அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் கூப்பிட்டு, “கண்ணு மூடியிருக்கு, அசைவில்ல, அதனால ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காதீங்க. கட்டுவிரியன் கடிச்சவங்களுக்குக் காது கேக்கும், வலி தெரியும். கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு கண்டதையும் பேசாதீங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். அடுத்த நிமிஷமே மறந்துவிட்டேன்.

அம்மாவின் கை அருமையான கை. டாக்டரம்மா இரண்டு தடவை காட்டியதும் பிடித்துக்கொண்டாள். களத்தில் நெல் அளக்கிற கணக்கிலேயே எண்ணினாள். எங்கள் பக்கம் அளக்கும்போது ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம். “லாபம், ரெண்டு, மூணு” என்று அம்மா முணுமுணுக்க, தங்கையின் நெஞ்சு எழுந்து அடங்கியது. நர்ஸம்மா ஒருவர், “இந்தம்மா என்ன லாபம் லாபம்னு சொல்லுது?” என்று என்னைக் கேட்டார். நான் அதற்குள் வராந்தாவில் நடக்க ஆரம்பித்திருந்தேன். நான் அமுக்கும்போது டாக்டரம்மா வந்து வந்து, “அவசரப்படாதீங்க, மெதுவா” என்று சொல்ல வேண்டியிருந்தது. என் கைக்கும் உட்கார வராது.

இரண்டாம் நாள் காலையில் அம்மாவின் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன. எனக்கு விரல் மரத்துப்போய், பந்தைப் பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்றே தெரியவில்லை. தென்னந்தோப்பு ஆளின் தம்பி கண்முன்னால் வந்துகொண்டே இருந்தார். ஸ்விட்ச் ரூமுக்கு ஓடிப்போய் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“மனுஷங்களுக்கு இன்னும் வச்சுப் பாக்கலயே” என்றார் டாக்டரம்மா.

“நாங்க தூங்கிட்டா என்ன ஆகும்னு பாத்திருக்கோம்ல, டாக்டர்” என்றேன்.

அவர் அம்மாவின் வீங்கிய மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மிஷினை மாட்டி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டு, கூட்டச் சொல்லி, குறைக்கச் சொல்லி, “போதும்” என்றார். அந்த இடத்தில் நான் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். அவர் கண் நெஞ்சின் மேல் இருந்தது. நட்டின் மேல் இல்லை. எனக்கு அது சௌகரியமாகப் போயிற்று.

மிஷின் ஓடியது. டக், ஒரு இழுப்பு, ஒரு விடுப்பு. டக். கடவுளே, எவ்வளவு ஒழுங்காக ஓடியது! ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மத்தியானம். தங்கையின் உதடு சிவப்பாகவே இருந்தது. நான் அவளைப் பார்த்ததைவிடச் செயினைப் பார்த்ததுதான் அதிகம். அதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன். அம்மா மட்டும் கட்டிலோரம் முகம் சுளித்தபடி நின்றாள்.

“ஏன் தம்பி, நான் அமுக்குறப்ப நெஞ்சு இன்னும் நல்லா எந்திரிச்சிச்சே. இது என்ன, கஞ்சத்தனமா குடுக்குது?”

“அளவு அவ்வளவுதாம்மா.”

“யாரு வச்ச அளவு?”

“சும்மா இரும்மா. உனக்கு என்ன தெரியும்?” என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டு நுரையீரல் வெடித்த கதையை அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஐந்து நிமிஷப் பொறுமை என்னிடம் இல்லை. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக அடி வாங்கியவள் என் அம்மா. அளவு அவ்வளவுதான் என்று அவளிடம் சொன்ன யாரையும் அவள் வாழ்நாளில் நம்பியதில்லை. மகன் சொன்னால் மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

சாயங்காலம் நான்கு மணிக்குப் பேட்டரி இறங்கத் தொடங்கியது. எதிர்க் கடையில் சார்ஜுக்குப் போட்டிருந்த இன்னொன்றை எடுத்துவர ஓடினேன். கால்மணி நேரம்தான். திரும்பி வரும்போது வார்டு வாசலில் எங்கள் ஊர்ப் பண்ணையின் காரியக்காரர் வெளியே வந்துகொண்டிருந்தார். பண்ணையின் நெல்லும் நிலமும் ஆளும் இவர் கையில்தான். போலீஸில் எழுதிக்கொடுத்தது இவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய மாமியார் அதே வார்டின் கோடிக் கட்டிலில் கிடந்ததால் தினமும் வருவார். முன்பெல்லாம் என்னை “என்னடா” என்பவர், காக்கிச் சட்டைக்குப் பிறகு தம்பி ஆக்கியிருந்தார்.

“என்ன தம்பி, தங்கச்சி எப்படி இருக்கு?” என்றார்.

நான் அவரைத் தாண்டி உள்ளே பார்த்தேன். தங்கையின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. நெஞ்சின் ஒரு பக்கம் உப்பிக்கொண்டு அப்படியே நின்றது. மிஷின் டக் டக் என்று தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கீழே போட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. டாக்டரம்மா ஓடிவந்து பந்தைக் கழற்றி, விலாவைத் தட்டிப் பார்த்து, பெரிய ஊசி ஒன்றை நெஞ்சில் குத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

விலாவுக்குள் ஒரு குழாயைச் சொருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார்கள். தண்ணீரில் குமிழி கொப்பளித்தது. உதட்டில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது. பிறகுதான் டாக்டரம்மா மிஷினைப் பார்த்தார். நட்டு சிவப்புக் கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி இருந்தது.

“யார் இதைத் தொட்டது?” என்றார். அடுத்து, குரலைத் தாழ்த்தி, “இது என்ன நட்டு?”

நான் பேட்டரி ஒயரைக் கழற்றக் குனிந்தேன்.

“இதை வெளிய எடுத்துட்டுப் போங்க” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மிஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அம்மாவைக் கேட்டேன். “யாரும்மா இங்க வந்தா?”

“காரியக்காரர் வந்தாரு” என்றாள். “நின்னு பாத்துட்டுப் போனாரு.”

“மிஷினத் தொட்டாரா?”

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த மௌனத்தை நான் எனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டேன்.

மறுபடி பந்து. இப்போது அம்மா அதைத் தொடவே இல்லை. கை வீங்கிவிட்டது என்றாள், பார்த்தால் வீங்கித்தான் இருந்தது. கறிக்கடை பாய் எப்படியோ கேள்விப்பட்டுக் கடையைச் சாத்திவிட்டு, மச்சான்கள் மூன்று பேரோடு வந்து நின்றார். “நுரையீரல் குடுத்த எனக்கு, கை குடுக்கத் தெரியாதா?” என்றார். அவரும் மச்சான்களும் நானும் நர்ஸம்மாக்களும் மாற்றி மாற்றி அமுக்கினோம். மறுநாள் காரியக்காரரும் கட்டிலருகே வந்து, “நானும் கொஞ்ச நேரம் அமுக்கட்டுமா தம்பி? சும்மாத்தான் உக்காந்துருக்கேன்” என்றார். “இந்தப் பக்கம் தலை வச்சீங்க, நடக்கிறதே வேற” என்று சட்டையைப் பிடிக்கப் போனேன். பாய்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். காரியக்காரர் ஒன்றும் புரியாதவர்போல நின்றார். நடிக்கிறார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

எனக்கு முறை இல்லாத நேரங்களில் ஸ்விட்ச் ரூமில் மிஷினை ஓட்டிப் பார்த்தேன். அதிர்வில் நட்டு தானாக நகர்ந்திருக்குமோ? கோடு போட்டு ஒரு பகல் முழுக்க ஓட்டினேன். நகரவில்லை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்து ஓட்டினேன். அப்போதும் நகரவில்லை. மிஷினை மேஜையிலிருந்து தரைக்கு மாற்றி, தரையிலிருந்து பெஞ்சுக்கு மாற்றி ஓட்டினேன். நகரவே இல்லை. அப்படியானால் கைதான். ஒரு கைதான் திருகியிருக்கிறது. யார் கை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறுப்பில் தோற்றவர்கள் ஆஸ்பத்திரியில் தீர்த்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லி அதைக் கெட்டிப்படுத்தினேன். கட்டிலருகே நின்று பாயிடமும் சொன்னேன். “பாக்காம சொல்லக்கூடாது தம்பி” என்றார் அவர். அவருக்கு எங்கள் ஊர் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் தங்கையின் கால்விரல் அசைந்தது. ஐந்தாம் நாள் இமை பாதி திறந்தது, தானாகவே மூச்சு இழுக்க ஆரம்பித்தாள். ஆறாம் நாள் காலையில் டாக்டரம்மா தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார். “இன்னைக்குப் பேச வேணாம், தொண்டை புண்ணா இருக்கும்” என்றார். அவள் கண்ணை உருட்டி உருட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். அம்மா காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள்.

அப்போது வாசல் பக்கம் கூச்சல் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு ஆண்கள். ஜாமீனில் வந்தவர்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டிருந்தார்கள். முப்பது பேராவது இருக்கும். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் காரியக்காரர் தன் மாமியாருக்கு இளநீர் வெட்டி வாங்கிக்கொண்டிருந்தார். தனி ஆள். அவருக்கும் அவர்களுக்கும் நடுவே நாற்பதடி தூரம் இல்லை.

நான் கீழே போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இளநீர் வெட்டுகிற அரிவாள் அங்கேயே இருந்தது. என்ன நடக்கும் என்று தெரியாதவன் இல்லை நான். எங்கள் பக்கத்தில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு ஆள் விழுந்திருக்கிறார்கள். தெரிந்துதான் வாசலை நோக்கி நடந்தேன். சட்டை பின்னால் இழுபட்டது. தங்கை. கட்டிலிலிருந்து பாதி சரிந்து, என் சட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அந்தக் கையில் பலமே இல்லை. உதறினால் விட்டுப்போயிருக்கும்.

“போவாதண்ணே” என்றாள். குரல் இல்லை, காற்றுதான் வந்தது. நான் குனிந்தேன்.

“அவரு தொடல.”

“உனக்கு எப்படித் தெரியும்? நீ கண்ணு மூடிக் கிடந்தே.”

“காது கேட்டுச்சு. அவரு எட்டவே நின்னு அம்மாகிட்ட விசாரிச்சாரு. போயிட்டாரு.” மூச்சு வாங்கினாள். “அம்மாதாண்ணே.”

எனக்குக் கால் நின்றுவிட்டது. கட்டிலோரம் உட்கார்ந்தேன். கீழே யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“நீ அந்தாண்ட போனதும், ‘வாங்கிக்கடி தங்கம், இன்னுங் கொஞ்சம் வாங்கிக்க, யாரும் பாக்கல’ன்னு சொல்லிக்கிட்டே திருவுச்சு. நெஞ்சு வெடிக்கிற மாதிரி வலி. வேணாம்மான்னு சொல்ல வாய் அசையல.” அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மாவ ஒண்ணும் கேட்டுடாத. நானும் எத்தன களத்துல முந்தானைய ஏந்திக்கிட்டு நின்னுருக்கேன். இது வரைக்கும் எனக்குன்னு யாருண்ணே கூட அளந்து போட்டுருக்கா?”

படியில் ஆட்கள் ஏறிவருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போனேன். முன்னால் வந்தவர் என் சித்தப்பா. “என்னடா ஆச்சு? காரியக்காரன் ஏதோ பண்ணிட்டான்னு கீழ பேசிக்கிறாங்க” என்றார். அவருக்குப் பின்னால், காப்பித் தூக்கோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். என் வாயையே பார்த்தாள்.

“யாரும் ஒண்ணும் பண்ணல சித்தப்பா. நான்தான் நட்ட சரியா வைக்கல” என்றேன்.